புளியங்கொட்டையும் பிறிட்ஜும்

பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே ரெலிபோன் அடித்தது. செபமாலை அண்ணையின் சாமான் வானில் வேலை செய்யும் குலம் அண்ணை பேசினார்.

"நிரோ, மாலை அண்ணை போயிட்டார்."

"எங்கை, ரொக்ஸ்பரோவுக்கோ? ஆரின்ர வீட்டுச் செற்றி ஏத்த?" என்று கேட்டேன். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற மனிதர் போனால் வேறெங்கே போவார்? மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிறகுதான் குலம் அண்ணை முழுவதையும் சொன்னார். வானுக்குள் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்திருக்கிறார். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த வேலை ஊருக்குச் சொல்வது. அதில்தான் சிக்கல். நான் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. மின்சாரக் கந்தோரிலிருந்து பேசுவதுபோல் பிரெஞ்சுக் குரலில் அப்பாவை அழைத்து, "உங்கள் குறட்டையால் தெருக் கம்பி அதிர்கிறது, இன்றிரவு மின்சாரத்தை வெட்டப் போகிறோம்" என்று சொன்னவள் நான். அதை நம்பி அப்பா மெழுகுதிரி வாங்கி வந்தது மொன்றியல் தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதனால் "நிரோ, சாவோட விளையாடாதை" என்று திட்டிவிட்டு வைத்தவர்கள்தான் அதிகம். கடைசியில் அம்மா ரிசீவரைப் பறித்து, அழுதுகொண்டே, திரும்ப எல்லோருக்கும் சொன்னார்.

இந்தப் பெயர் எடுக்கிற விஷயத்தைப் பற்றி மாலை அண்ணையோடு ஒருமுறை கதைத்திருக்கிறேன். "உன்ர பேர் ரெலிபோனால கெட்டது, என்ர பேர் பொக்கற்றால கெட்டது. ரெண்டு பேரும் ஒரு வகுப்பு" என்றார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதவேண்டும் என்று கேட்டபோது, பொக்கற் கதையை மட்டும் எழுதாதே என்று சிலர் சொன்னார்கள். செத்தவரை ஏன் குறைவாகக் காட்டவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அப்பாவிடம் கேட்டேன். "அதை விட்டிட்டு எழுதினா அது அவரின்ர கதை இல்லை, வேற ஆரின்ரையோ கதை" என்றார். அதனால் எழுதுகிறேன். அதைச் சொன்னவர் என் அப்பா என்பதுதான் இந்தக் கதையில் பெரிய அதிசயம். அது போகப்போக விளங்கும்.

செபமாலை அண்ணை மன்னார்க்காரர், கத்தோலிக்கர். செபத்தைக் கோயிலில் விட்டுவிட்டு ஊர் அவரை மாலை அண்ணை என்று கூப்பிட்டது. விடிய ஏழு மணிக்கு அவருடைய வான் வந்து நிற்கும்போது, "காலமையே மாலை வந்திட்டுது!" என்று நான் யன்னலால் கத்துவேன். "உனக்கு மத்தியானம் எண்டு பேர் வைச்சிருக்கவேணும் பிள்ளை, ஒரே கொதி" என்று கீழே நின்று பதில் தருவார். பகிடிக்குப் பகிடி உடனே கைமாறும். கடன் வைக்கமாட்டார்.

அவர் வந்த முதற்காலத்தில், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவர்களுடையது. ஒரு அறையும் குசினியும் உள்ள அந்த அப்பார்ட்மென்றில் ஆறு பெடியன்கள். எல்லோரும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கி அகதி என்று கை தூக்கியவர்கள். மாலை அண்ணை நகர்ப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து பின்கதவடியில் நின்று அங்கத்தையவர்கள் புகைக்கும்போது இவரும் புகைத்தார். ஒருநாள் பொலிஸ் வந்து எல்லோருடைய பொக்கற்றையும் பார்த்தது. இவருடைய ஜக்கற்றில் ஒரு துண்டு கஞ்சாப் பிசின் இருந்தது. புளியங்கொட்டை அளவு. நீதிமன்றத்தில் குற்றம் என்று ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் கட்டினார், கொஞ்சக் காலம் ஒழுங்காகப் போய்க் கையெழுத்து வைத்தார். சட்டத்துக்கு அவ்வளவுதான்.

தமிழருக்கு அவ்வளவு இல்லை. கோட்-டெ-நெய்ஜில் மெற்றோ ஏறும்போது துண்டாக இருந்த சாமான், அங்காலை இறங்கும்போது பார்சலாகிவிட்டது. அஹுன்ட்சிக் போய்ச் சேர்ந்தபோது மூட்டை. ரொக்ஸ்பரோவுக்குக் கோச்சியில் போனபோது அது கப்பலில் வந்த தூளாகவே மாறிவிட்டது. கதைக்கு ரிக்கற் இல்லை, அது எவ்வளவு தூரமும் போகும்.

அறைத்தோழர்கள் பயந்துவிட்டார்கள். "எங்கட அகதிக் கேசும் பழுதாப் போயிடும் அண்ணை, குறை நினையாதையுங்கோ" என்று சொல்லி, அவருடைய சூட்கேசைக் கொரிடோரில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்கேஸ் மூடாமல் வாயைப் பிளந்து கிடந்தது. சேட்டுகள் வெளியே தொங்கின. மாலை அண்ணை அழவில்லை, ஏசவில்லை. கொரிடோரில் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார், திரும்ப மடித்தார், சப்பாத்தை அடியிலும் யேசுவின் படத்தைத் துவாய்க்குள்ளும் வைத்து மூடினார். பிறகு சாத்தின கதவைப் பார்த்துச் சொன்னார்:

"எறியிறதெண்டாலும் ஒழுங்கா அடுக்கி எறியுங்கோடா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் அப்பா வந்து என்னை உள்ளே இழுத்து எங்கள் கதவையும் சாத்தினார். "அந்தாள் இந்த வாசல் மிதிக்கக் கூடாது" என்றார். அது எங்கள் வீட்டுச் சட்டமாகியது.

அவருடைய கோயில் பாதர் நிலக்கீழ் அறையொன்றைக் கொடுத்தார். அகதிக் குடும்பங்களுக்கென்று வெள்ளைக்காரர் கொடுக்கும் பழைய கட்டில், மேசைகளைக் கோயில் வானில் கொண்டுபோய் இறக்கும் வேலையும் வந்தது. மேசை தூக்கத் தூக்க அவருக்கு ஒன்று விளங்கியது. மொன்றியலில் ஆட்கள் ஓயாமல் வீடு மாறுகிறார்கள். தமிழர் அவர்களைவிட மாறுகிறார்கள். அடுத்த கோடையில் தனக்கென்று ஒரு பழைய வான் எடுத்துவிட்டார்.

அவருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அதை வேறு எந்தச் சாமான்காரரும் செய்யமாட்டார். புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தால், வாசலுக்கு வெளியே நின்று, சப்பாத்தைக் கழற்ற முன்னம், இப்படிச் சொல்லுவார்:

"வணக்கம். நான் செபமாலை. எனக்கொரு வழக்கு இருந்தது. கஞ்சாத் துண்டு, புளியங்கொட்டை அளவு. பிழை எண்டு ஒப்புக்கொண்டனான், இப்ப தொடுறதில்லை. உள்ளுக்கு வாறதோ, வேண்டாமோ?"

சனம் திகைத்துப்போகும். மூட்டைக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மூட்டையே வாசலில் நின்று புளியங்கொட்டை என்று சொன்னால் என்ன செய்வது? சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் சாமானைத் தூக்க விட்டார்கள், ஆனால் இருக்கச் சொல்லவில்லை. கட்டிலையும் அலுமாரியையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே வரவேண்டும். தேத்தண்ணி கடதாசிக் கப்பில் வாசலுக்கு வரும். வீட்டிலிருக்கும் செற்றியை அவர்தான் சுமந்து வந்தார். அதில் இருக்க மட்டும் அவருக்கு இடமில்லை. ஒரு வீட்டிலாவது கூப்பிட்டு இருத்தவேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை அவர் வாயால் சொன்னதில்லை. கடதாசிக் கப்பைக் குடித்து முடிந்ததும் நாலாக மடித்துப் பொக்கற்றில் வைக்கும்போது அவர் உள்ளே பார்க்கிற பார்வையில் அது தெரியும்.

பிறகு எங்கள் வீட்டுக்கே அவர் தேவைப்பட்டார்.

வெளியூரில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நகரத்தில் வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில், ஜூலை முதலாம் திகதி, மாறும். அன்றைக்கு ஊர் முழுக்கக் கட்டிலோடு தெருவில் நிற்கும். அந்த வருடம் நாங்கள் அஹுன்ட்சிக்கில் மூன்றாம் மாடி வீடொன்றை எடுத்திருந்தோம். ஜூலை முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமை நான் குடிபுகமாட்டன்" என்றார் அம்மா.

"அப்ப புதன் வரைக்கும் தெருவிலயோ சமைக்கிறது?" என்றார் அப்பா. "இந்த வீட்டுக்கு அண்டைக்கே வேற சனம் வருது."

"சமைக்கிறன். தெருவில சமைச்சாலும் சமைப்பன், செவ்வாயில பால் காய்ச்சமாட்டன்."

சாமான் ஏற்ற வேறு வான் ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் முன்னமே பிடிபட்டுவிட்டன. மாலை அண்ணையைக் கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் அவர் வந்து, கொரிடோரில் நின்று, சண்டையின் விவரத்தைக் கேட்டார்.

"அக்கா, நல்ல நாள் எப்ப?"

"செவ்வாய்க்கு முதல் வாற வியாழன், காலமை."

"அப்ப நீங்கள் வியாழன் குடிபோங்கோ. சாமான் செவ்வாய் வரட்டும். பாலுக்குச் செற்றி தேவையில்லைத்தானே?"

அம்மா அவரைக் கும்பிடாத குறை. ஒரே ஒரு தடை இருந்தது. வியாழக்கிழமை அந்த வீட்டில் மடாம் ஒடெத் என்ற கிழவி இன்னும் குடியிருந்தார். அவருடைய அடுப்பில், அவர் இருக்கும்போதே, நாங்கள் போய்ப் பால் காய்ச்சவேண்டும். பிரெஞ்சில் கேட்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் மாலை அண்ணையும் போனோம். அவர் அங்கேயும் விடவில்லை. "முதல் என்ர வழக்கைச் சொல்லு" என்றார். சொன்னேன். மடாம் யோசித்துவிட்டு, தன்னுடைய தம்பி இதைவிடப் பெரிய வேலையெல்லாம் பார்த்தவன் என்றார். பிறகு பால் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைத் தர உடனே சம்மதித்தார். பால் பொங்கி வழியவேண்டும் என்பதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. சில சந்தோஷங்களைத் திடீரென்று கொடுக்கவேண்டும்.

வியாழக்கிழமை அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை. அம்மாவும் நானும் மாலை அண்ணையும் அந்த வீட்டின் முன்னால் நின்றோம். மொன்றியலின் படிகள் வீட்டுக்கு வெளியே, இரும்பில், பாம்பு மாதிரி முறுகி ஏறும். அம்மாவின் கையில் பால் பானை, என் கையில் உப்பும் மஞ்சளும். பிள்ளையார் படம் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. சாமி படம்தான் முதலில் உள்ளே போகவேண்டும்.

"தம்பி, நீர் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போம்" என்றார் அம்மா.

மாலை அண்ணை அசையவில்லை. "அக்கா, அண்ணை என்னை வாசல் மிதிக்கவேண்டாம் எண்டு சொன்னவர்."

"அது பழைய வீட்டுச் சட்டம். இது புது வீடு. வலது காலை வைச்சுப் போம்."

அவர் படத்தைத் தூக்கினார். நெஞ்சோடு அணைத்து, ஒவ்வொரு படியாக, ஒரு முட்டைக் கூடையைக் கொண்டுபோவதுபோல் ஏறினார். வாசலில் மடாம் ஒடெத் நின்று "போன்ஜூர்" என்று அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நடுவில் பிள்ளையார் நசுங்கினார். ஈழத்தமிழர் ஒருவருடைய வீட்டுக்குள் மாலை அண்ணை கூப்பிட்டுப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதுவும் இன்னும் எங்கள் வீடாகாத வீடு.

பால் பொங்கியது. "மோன் டியூ!" என்று மடாம் பாய்ந்து பானையை இறக்கப் போனார். அம்மா அவருடைய கையைப் பிடித்து, "பொங்கட்டும், பொங்கட்டும்!" என்று தமிழில் கெஞ்சினார். மடாம் பிரெஞ்சில் கத்த, அம்மா தமிழில் சிரிக்க, பால் இரண்டு மொழியும் தெரியாமல் அடுப்பு முழுக்க ஓடியது. மாலை அண்ணை என்னைப் பார்த்தார். "நீ இதை அவவுக்குச் சொல்லேல்லை, என்ன?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் அடுப்பு வளையங்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். தன் வாழ்நாளில் அந்த அடுப்பு இவ்வளவு துப்புரவாக இருந்ததில்லை என்று மடாம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மாலை அண்ணையும் பிறிட்ஜை அந்தப் பாம்புப் படியால் ஏற்றினார்கள். பிறிட்ஜைப் படியில் ஏற்றினாலும் இறக்கினாலும் பாரமெல்லாம் கீழே நிற்கிறவருக்குத்தான். எந்த வீட்டிலும் அவர் முதலில் சொல்கிற சொல் ஒன்று உண்டு. அன்றைக்கும் சொன்னார்.

"கீழ்ப்பக்கம் எனக்கு."

அப்பா மேலே, பின்பக்கமாக ஏறினார். இரண்டாம் மாடி வளைவில் அப்பாவின் கால் சறுக்கியது. கை விட்டுப்போனது. பிறிட்ஜ் முழுவதும் மாலை அண்ணையின் தோளில் வந்து இறங்கியது. அம்மா கீழே நின்று முருகனைக் கூப்பிட்டார். மாலை அண்ணையின் கழுத்து நரம்பு கயிறுபோல் நின்றது. ஆனால் குரல் சாதாரணமாக வந்தது: "அவசரமில்லை அண்ணை. ஆறுதலா எழும்புங்கோ. நான் நிக்கிறன்."

அப்பா எழும்பினார். இருவருமாக மேலே ஏற்றி, குசினியில் வைத்தார்கள். வேலை முடிந்ததும் மாலை அண்ணை வழமைபோல வெளியே போய் வாசலில் நின்றார். கடதாசிக் கப்புக்காக.

அப்பா வாசலுக்கு வந்தார். "உள்ளுக்கு வாரும்" என்றார்.

"அண்ணை, எனக்கொரு வழக்கு இருந்தது..."

"தெரியும் காணும், புளியங்கொட்டை. பிள்ளையாரே உம்மோடதான் வந்தவராம், பேந்து நான் ஆர் மறிக்க? வந்து இரும்."

மாலை அண்ணை வந்து, தான் சுமந்த செற்றியின் விளிம்பில் இருந்தார். அம்மா எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா, சீனி காணாது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மாலை அண்ணை படம் கொண்டுபோன வீடு விளங்கும் என்று அம்மா ஒருநாள் ரெலிபோனில் சொன்னார். அந்தக் கதையும் மெற்றோ ஏறியது. மட்டக்களப்புக் குடும்பங்கள் கூப்பிட்டன, திருகோணமலைக் குடும்பங்கள் கூப்பிட்டன. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், நாங்கள் மட்டும் குறைவோ என்று, மாதா சொரூபத்தை அவரிடம் கொடுத்து முன்னுக்கு விட்டார்கள். மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவர் இந்த நகரத்துக்குள் கொண்டுபோன பிள்ளையார்களை வரிசையில் விட்டால் தேர்த்திருவிழா வைக்கலாம். சூட்கேசை வெளியே வைத்த பெடியன்களில் இருவரையும் அவர் வேலைக்கு எடுத்தார். அதில் ஒருவர்தான் குலம் அண்ணை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "அடுக்கத் தெரியாதவங்கள். பழக்காட்டி இன்னும் ஆரின்ரையும் சேட்டுகளைக் கசக்குவாங்கள்" என்றார்.

வாசல் வசனத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. எல்லோருக்கும் அது பாடமாகிவிட்டது. ஒரு வீட்டில் நான் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தேன். அவர் வந்து "எனக்கொரு" என்று தொடங்க, உள்ளேயிருந்து ஏழெட்டுக் குரல்கள், "வழக்கு இருந்தது! புளியங்கொட்டை அளவு!" என்று கத்தின. அவர் படியிலேயே இருந்துவிட்டார், சிரிப்பில்.

அகதி விசாரணையிலும் அதையே சொன்னார். இருக்க அனுமதி கிடைத்தது. பிறகு அரசாங்கம் அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பும் கொடுத்தது. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்குக் கேக் வாங்கிவந்தார்.

"இனி வாசலில சொல்லத் தேவையில்லைத்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வேணும்."

"அரசாங்கமே அழிச்சிட்டுது. உங்களுக்கென்ன விசரோ?"

"அரசாங்கம் அழிக்கும், சனம் அழிக்காது பிள்ளை. நான் சொன்னா அது புளியங்கொட்டை. நான் பேசாமல் விட்டா, பேந்தும் அது மூட்டையாப் போயிடும். என்ர சாமானை நான்தான் அளவாக் கட்டவேணும்."

அவரை அடக்கம் செய்த நாளில் வெயில் எறித்தது, ஆனால் கோயில் படிகளில் பனி உருகித் திரும்ப உறைந்து கண்ணாடிபோல் கிடந்தது. பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு ஆட்கள் முந்தினார்கள். ஒருகாலம் கதவைச் சாத்தினவர்களும் அதற்குள் நின்றார்கள். பாதர் மெதுவாக, மெதுவாக என்றார். எல்லோரும் படியைப் பார்த்துத் தயங்கினார்கள். அப்போது, முதுகு வலிக்காரர், டொக்ரர் பாரம் தூக்கவேண்டாம் என்று சொன்ன மனிதர், என் அப்பா, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். பெட்டியின் கீழ் முனையில் தோளைக் கொடுத்தார்.

"கீழ்ப்பக்கம் எனக்கு" என்றார்.

அவர் சறுக்கவில்லை.

மாலை அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வாசல் வசனத்தைத்தான். நேற்று ஒரு மாமிக்கு இந்த மலர் பற்றிச் சொல்ல அழைத்தேன். "வணக்கம் மாமி. நான் நிரோ. எனக்கு ரெலிபோன் வழக்கொன்று இருந்தது" என்றுதான் தொடங்கினேன். மாமி வைக்கவில்லை, முழுவதையும் கேட்டார்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மன்னாரில் இருக்கும் அவருடைய தாயாருக்கும் இந்த மலர் போகும். அங்கேயும் இங்கேயும் யாராவது பொக்கற் கதையைப் பெரிதாக்கிச் சொன்னால், புளியங்கொட்டை அளவு என்று திருத்திவிடுங்கள். உங்களுக்கு எதையாவது பெரிதாக்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பிறிட்ஜைப் பெரிதாக்குங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் பரவாயில்லை. கீழ்ப்பக்கத்தில் மாலை அண்ணை நிற்கிறார்.